காரில் வந்தவனின் கழுத்து

எக்ஸ்ரே பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். மெஷினைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. நீங்கள் தொடுகிற மெஷினை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எங்கள் காலத்தில் ஃபிலிமை இருட்டறைக்குள் கொண்டுபோய், மருந்துத் தண்ணீரில் முக்கிக் கழுவி, சொட்டச் சொட்ட வெளியே எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். உங்களுக்குத் திரையில் வந்துவிடுகிறது. அதனால் தொழில் விவரங்களை விட்டுவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் டெல்லியில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவன் நான். அதில் செய்த ஒரு தப்பை மட்டும் எழுதுகிறேன். இதை முழுசாக யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. என் மனைவிக்குத் தெரிந்ததும் பாதிதான்.

ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டெல்லியில் ரோடுகளை அகலமாக்கி மேம்பாலங்கள் கட்டினார்கள். போட்டி முடிந்து எல்லோரும் ஊருக்குப் போனார்கள். ரோடு மிச்சமிருந்தது. அதற்கு முன்பெல்லாம் எங்கள் காஷுவல்ட்டிக்கு, அவசரப் பிரிவுக்கு, வந்தவர்கள் பஸ் படிக்கட்டிலிருந்து விழுந்தவர்கள், ஸ்கூட்டரோடு சறுக்கியவர்கள். அதற்குப் பிறகுதான் வேகத்தில் அடிபட்டவர்கள் வர ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான ரோட்டில் வசதியான வீட்டு இளைஞர்கள் பந்தயம் வைத்துக்கொள்வார்கள். சிலரிடம் பெரிய மோட்டார் சைக்கிள். ஒன்றிரண்டு பேரிடம் எம்பஸிக்காரர்களிடமிருந்து கைமாறி வந்த ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் போகிற கார்.

மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போய் விழுந்தவனை வாசலில் பார்த்ததுமே தெரிந்துவிடும். சட்டை கிழிந்து, தோல் உரிந்து, கால் ஒரு பக்கம் கோணியிருக்கும். ரத்தம் இருக்கும், சத்தம் இருக்கும். காரில் அடிபட்டவன் தலைமுடிகூடக் கலையாமல் நடந்து வருவான். அடி உள்ளே இருக்கும். ஸ்டீயரிங் இடித்த மார்பில், வயிற்றில், இல்லையென்றால் கழுத்தில். காரில் பெல்ட் இருந்தாலும் அப்போது யாரும் போட்டதில்லை. காஷுவல்ட்டியில் எங்கள் எல்லோருக்கும் ஒரே பழக்கம்தான். மோட்டார் சைக்கிள் என்றால் ஓடுவோம், கார் என்றால் பெஞ்சில் உட்காரச் சொல்லுவோம். நானும் அப்படித்தான்.

எங்கள் இருட்டறையில் வேலை பார்த்தவர் தமிழர், கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஜங்புராவில் நம் ஊர்க்காரர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில் மனைவி, மூன்று பிள்ளைகளோடு இருந்தார். மனைவி நாலு வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். இவர் எங்களிடம் ஆறு வருஷமாகத் தினக்கூலி. தன்னை நிரந்தரமாக்கச் சொல்லி வருஷா வருஷம் மனு கொடுப்பார். அதை இங்கிலீஷில் எழுதித் தருவது நான். மாசக் கடைசியில் அவர் வேலைக்கு வந்த நாட்களுக்குக் கையெழுத்துப் போடுவதும் நான்தான். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. கேட்காமல் எழுதுவது சரியில்லை.

சில வருஷம் முன்பு ஓய்வு பெற்றுப் போன ஒரு பெரிய டாக்டர் அவருக்கு ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்திருந்தார். கழுத்துப் படம் என்றால் எலும்பை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். மனுஷக் கழுத்தில் எலும்பு ஏழு. தோள் அகலமானவர்களுக்கு ஏழாவது எலும்பு தோளுக்குப் பின்னால் மறைந்துவிடும். அப்போது கைகளைக் கால்பக்கமாக இழுத்துப் பிடித்து மறுபடி எடுக்க வேண்டும். இதை நீங்கள் முதல் வருஷமே படித்திருப்பீர்கள். நானும் படித்தவன்தான்.

அது ஜனவரியில் ஒரு ஞாயிறு. ஜனக்புரியில் என் வீட்டிலிருந்து பஸ் பிடித்து, பனிமூட்டத்தில் ஊர்ந்து வந்து ஏழு மணிக்கு டியூட்டியில் சேர்ந்தேன். ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்கு அன்றைக்கு ஒரே ஆள். அவரும் வார்டுக்குப் போயிருந்தார். எட்டு மணி இருக்கும். காரிடாரில் அலறல் முதலில் வந்தது, ஸ்ட்ரெச்சர் பிறகு வந்தது. அதில் கிடந்தவன் பெயர் சுனில். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது. வலது தொடை நடுவில் மடங்கியிருந்தது. இடது கை முழங்கைவரை தோல் இல்லை. தள்ளிக்கொண்டு வந்தவன் அவனுடைய நண்பன் விவேக். நல்ல உயரம், பயில்வான் மாதிரி தோள். ஸ்வெட்டரில் ஒரு கிழிசல் இல்லை. ஒரு கையால்தான் தள்ளினான். இன்னொரு கை தாடைக்கு அடியில் இருந்தது, பல்வலிக்காரர்கள் பிடித்துக்கொள்வது போல.

அன்று டியூட்டியில் இருந்தவர் பீகாரிலிருந்து வந்த இளம் டாக்டர். முந்தின நாள் காலையிலிருந்து வீட்டுக்குப் போகாதவர். அவர் எழுதிய சீட்டில் சுனிலுக்கு நாலு படம். விவேக்குக்கு ஒன்று. கார் விபத்து, கழுத்து வலி, பக்கவாட்டில் ஒரு படம்.

சுனிலை ஸ்ட்ரெச்சரிலிருந்து மேஜைக்கு மாற்ற வேண்டும். ஆள் இல்லை. விவேக் முன்னால் வந்தான்.

"நான் பிடிக்கிறேன் அங்கிள்."

தாடையிலிருந்து கையை எடுத்து, நண்பனின் தோளுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினான். நான் இடுப்பையும் காலையும் பிடித்தேன். மேஜையில் வைத்த மறு நொடி அவன் கை பழையபடி தாடைக்குப் போய்விட்டது. அதை நான் பார்த்தேன். கழுத்து வலி என்று சீட்டில் எழுதியிருந்தவனை இன்னொருவனைத் தூக்க விட்டது என் முதல் தப்பு.

சுனிலின் படங்களை எடுத்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு தடவை காலை நகர்த்தியபோதும் அவன் போட்ட சத்தத்தில் என் காதில் வேறு எதுவும் விழவில்லை. இதற்குள் வாசலில் இன்னும் இரண்டு ஸ்ட்ரெச்சர் வந்து நின்றுவிட்டது. பனியில் பஸ்ஸும் லாரியும் மோதிக்கொண்டதாகச் சொன்னார்கள். விவேக்கை ஸ்டூலில் உட்கார வைத்தேன். கையைக் கீழே விடச் சொன்னேன். விட்டான். முகம் வெளுத்துப் போனது.

"ஜல்தி, அங்கிள், சீக்கிரம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஒரு படம் எடுத்து உள்ளே அனுப்பினேன். அவன் வெளியே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

இருட்டறைக்காரர் ஈர ஃபிலிமோடு வெளியே வந்தார்.

"ஆறுதான் சார் தெரியுது. ஏழாவது காணோம்."

"ஆறு போதும். அவன் நடந்து வந்தவன். டாக்டர்ட்ட கொண்டு போயி குடும்."

"தோள்ல மறைச்சிருக்குது சார். அந்தப் பையன் தாடையப் புடிச்ச கைய எடுக்கவே மாட்டேங்கிறான். இன்னொரு வாட்டி எடுத்துப் பாத்துடலாம்."

"வெளிய ரெண்டு ஸ்ட்ரெச்சர் நிக்கி, தெரியுதா? டாக்டர் பாத்துச் சொல்லட்டும். நீரு குடுத்துட்டு வாரும்."

அவர் நகரவில்லை. கையில் பிடித்திருந்த ஃபிலிமிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதை என் பக்கம் நீட்டினார்.

"நீங்களே குடுத்துடுங்க சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆறு வருஷத்தில் நான் சொன்ன வேலையை அவர் செய்யாமல் போனது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வந்தது. தினக்கூலிக்காரர், என் கையெழுத்தில் சம்பளம் வாங்குகிறவர், எனக்கு எலும்பு எண்ணிக் காட்டுகிறார் என்ற கோபம். அந்தக் கோபத்தோடுதான் ஃபிலிமை எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் ஒரு கையால் யாருக்கோ ரத்தம் நிறுத்திக்கொண்டிருந்தார். நான் ஃபிலிமை ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன். நாலைந்து நொடி நிமிர்ந்து பார்த்தார்.

"டீக் ஹை, சரியா இருக்கு. வலிக்கு மாத்திரை எழுதறேன், வீட்டுக்குப் போகலாம்" என்றார் இந்தியில்.

ஏழாவது எலும்பு தெரியவில்லை என்று அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என் படம் சரியில்லை என்று ஆகும். படம் சரியாக இருக்கும் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். டாக்டர் பார்த்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பையனின் கழுத்தை யாருமே பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது விவேக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். யாரோ டீ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். கிளாஸ் இடது கையில் இருந்தது, குடிக்கவில்லை. குடிக்கத் தலையைச் சாய்க்க வேண்டும். அவனால் முடியவில்லை. அதைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ உறுத்தியது. நின்றேன். அப்போதுதான் அவனுடைய அப்பா காரிடாரின் அந்தக் கோடியிலிருந்து வேகமாக வந்தார். சால்வை போர்த்திய, நரைத்த, பெரிய பதவியில் இருப்பவர் என்று நடையிலேயே தெரிகிற மனிதர். மகனைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. விவேக் எழுந்தான். அப்பாவைக் கண்டால் காலைத் தொடுகிற வீட்டுப் பையன். தாடையிலிருந்து கையை எடுத்துக் குனிந்தான்.

"ஜுகோ மத், பாபு, ஜுகோ மத்" என்று, குனியாதே என்று, என் பின்னால் ஒரு குரல். இருட்டறைக்காரர் சுனிலின் மார்புப் படத்தோடு கதவருகில் நின்றிருந்தார்.

விவேக் பாதி குனிந்திருந்தான். டீ கிளாஸ் விழுந்து உடைந்தது. அவன் சுவரில் சாய்ந்துகொண்டு தன் இரண்டு கைகளையும் பார்த்தான், அவை யாருடையவையோ என்பது போல. கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றான். இருட்டறைக்காரர் ஃபிலிமைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவன் தலையை இரண்டு பக்கமும் கைகளால் பிடித்துக்கொண்டார். அவர் கைகளிலிருந்து மருந்துத் தண்ணீர் பையனின் கன்னத்தில் வழிந்தது.

"யார் நீ? விடு அவனை" என்றார் அப்பா.

அவர் விடவில்லை. என்னைப் பார்த்தார்.

"சார், படுக்க வைக்கணும் சார். வந்து இடுப்பப் புடிங்க."

அதுவரை நான் நின்ற இடத்திலேயே நின்றிருந்தேன். எத்தனை நொடி என்று தெரியாது. பிறகு போய்ப் பிடித்தேன். காரிடாரில், அந்தக் குளிர்ந்த தரையில், கண்ணாடிச் சில்லுகளுக்குப் பக்கத்தில் அவனை மல்லாக்கப் படுக்க வைத்தோம். டாக்டர் ஓடி வந்தார். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைக்கும்வரை இருட்டறைக்காரர் முழங்கால் போட்டு உட்கார்ந்து தலையைப் பிடித்தபடியே இருந்தார்.

படுத்த நிலையிலேயே இரண்டாவது படம் எடுத்தோம். நான் மெஷினிடம் நின்றேன். டாக்டர் ஈய அங்கி போட்டுக்கொண்டு பையனின் கைகளைக் கால்பக்கமாக இழுத்துப் பிடித்தார். இருட்டறைக்காரர் ஃபிலிமைக் கழுவி வெளியே கொண்டு வந்தார். இந்தத் தடவை அவர் எண்ணிக்கை சொல்லவில்லை. என்னிடம் நீட்டினார். நானே எண்ணினேன். ஏழும் தெரிந்தது. ஆறாவது எலும்பு ஏழாவதன் மேல் முன்னால் சரிந்து உட்கார்ந்திருந்தது.

அவனுடைய மண்டையில் இரண்டு பக்கமும் இடுக்கி பொருத்தி, எடை தொங்கவிட்டு, ஆறு வாரம் அசையாமல் படுக்க வைத்தார்கள். எலும்பு இடத்துக்கு வந்தது. கால்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் பழையபடி ஆகவே இல்லை. எழுத முடிந்தது. ஆனால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. அது ரோட்டில் அடிபட்டபோதே போனதா, சுனிலை என் மேஜைக்குத் தூக்கியபோது போனதா, குனிந்தபோது போனதா என்று எலும்பு டாக்டர்கள் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு அதில் ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். கிடைக்கவில்லை. மூன்றில் இரண்டு என் அறையிலும் அதன் வாசலிலும் நடந்தவை.

இரண்டு வாரம் கழித்து வார்டுக்குப் போர்ட்டபிள் மெஷினோடு போனபோது இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இருந்தார்கள். ஒருவனுக்குக் கால் தொங்கியது, ஒருவனுக்குத் தலைமாட்டில் எடை தொங்கியது. அன்றைக்கு என்ன நடந்தது என்று சுனில்தான் சொன்னான். நூறுக்கு மேல் போனால் கார் பத்திரமா, மோட்டார் சைக்கிள் பத்திரமா என்று இருவருக்கும் காலேஜ் நாளிலிருந்து வாதம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஏர்போர்ட் போகிற ரோட்டில் அதைப் பார்த்துவிடுவது என்று கிளம்பியிருக்கிறார்கள். சுனில் மோட்டார் சைக்கிளில் முன்னால், விவேக் ஸ்போர்ட்ஸ் காரில் பின்னால். பால் கேன்கள் தொங்கவிட்ட சைக்கிள்காரர் ஒருவர் பனிக்குள்ளிருந்து குறுக்கே வந்தார். சுனில் அவரை இடிக்காமல் திரும்பினான், வண்டி சறுக்கியது, ரோட்டில் உருண்டான். பின்னால் வந்த விவேக் அவன் மேல் ஏற்றாமல் இருக்க ஸ்டீயரிங்கை ஒடித்தான். கார் ரோட்டின் நடுத்தடுப்பில் ஏறி விளக்குக் கம்பத்தில் மோதியது. விவேக் இறங்கி வந்து, சுனிலைத் தூக்கி ஒரு டாக்ஸியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

"அங்கிள், நீங்களே சொல்லுங்க" என்றான் சுனில். "எது பத்திரம்? இவன் இன்னும் கார்னுதான் சொல்றான்."

"நீ ரோட்ல உருண்டே. என்னைச் சுத்தி இரும்பு இருந்துச்சு" என்றான் விவேக், மேல்கூரையைப் பார்த்தபடி.

"நேரா வந்திருந்தா உனக்கு ஒரு கீறல் இருந்திருக்காது."

சொல்லிவிட்டுச் சுனில் என் பக்கம் திரும்பினான். இரண்டு பேரும் நூறுக்குக் கீழே போயிருந்தால் இரண்டுமே பத்திரம் என்று நான் சொன்னேன். வயதானவர்கள் சொல்லும் பதில். மரியாதைக்குச் சிரித்தார்கள்.

அந்தக் கேள்வியை அதற்குப் பிறகும் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எத்தனையோ விபத்துப் படம் எடுத்தவன், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைப்பார்கள். எனக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போய் இறந்தவர்கள் என் அறைக்கு வருவதில்லை. அவர்களை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோவார்கள். தலையில் ஒன்றும் போடாமல் போன எத்தனை பேர் அந்தப் பக்கம் போனார்கள் என்று நான் எண்ணியதில்லை. பிழைத்தவர்களை மட்டும் பார்த்தவன் பேச்சில் எது பத்திரம் என்ற முடிவு இருக்க முடியாது. நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். மோட்டார் சைக்கிளில் வந்தவனின் அடி நம்மைக் கூப்பிடும். காரில் வந்தவனின் அடியை நாம்தான் போய்த் தேட வேண்டும்.

ஒரு மாசம் கழித்து விவேக்கின் அப்பா ஆஸ்பத்திரிக்குப் புகார் எழுதினார். கழுத்து முறிந்த பையனை எலும்பு சரியாக இருக்கிறது என்று எப்படி வீட்டுக்குப் போகச் சொன்னீர்கள் என்று கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். டாக்டரிடமும் என்னிடமும் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். மூன்று நாள் அவகாசம்.

அன்று மாலை டாக்டர் என் அறைக்கு வந்தார். நல்லவர்தான். அவரும் பயந்து போயிருந்தார். முதல் படம் இருட்டறையில் கழுவும்போது கெட்டுப் போய்விட்டது என்று நான் எழுதினால் இரண்டு பேருக்கும் சிக்கல் இல்லை என்றார். அந்த ஆள் தினக்கூலிதானே, அவனுக்கு ரிக்கார்டே கிடையாது, ஒரு வாரம் வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி எடுத்துக்கொள்வார்கள் என்றார். தினக்கூலிக்காரரை நிற்கச் சொன்னால் மறுபடி எடுப்பார்களா மாட்டார்களா என்று டாக்டருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் யோக்கியன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போய் முதலில் அப்படித்தான் எழுதினேன். எழுதிய காகிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்து படித்தபோது, அது என் கையெழுத்தில் இருப்பதைப் பார்க்க முடியவில்லை. கிழித்துப் போட்டேன். இரண்டாவது காகிதத்தில் உண்மையை எழுதினேன். முதல் படத்தில் ஏழாவது எலும்பு தெரியவில்லை, எடுத்தது நான், கூட்டத்தில் கவனிக்கத் தவறிவிட்டேன், வருந்துகிறேன். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதியிருந்தேன். படத்தில் குறை இருப்பதை இருட்டறை உதவியாளர் அப்போதே சுட்டிக்காட்டினார் என்று.

அந்த வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இல்லாவிட்டால் நான் கவனிக்கத் தவறியவன். அது இருந்தால் தெரிந்தே விட்டவன். முதலாவதற்கு எச்சரிக்கை. இரண்டாவதற்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பெண் குழந்தைகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, வேறு காகிதத்தில் சுத்தமாகப் பிரதி எடுத்து மறுநாள் கொடுத்துவிட்டேன்.

எனக்கும் டாக்டருக்கும் எழுத்தில் எச்சரிக்கை கொடுத்து ஃபைலை மூடினார்கள். அந்த வருஷக் கோடையில் எங்கள் ஆஸ்பத்திரியில் தினக்கூலிகள் சிலரை நிரந்தரமாக்கினார்கள். சிறப்பாக வேலை பார்த்ததற்கு ஃபைலில் ஏதாவது குறிப்பு இருந்தவர்களுக்கு முன்னுரிமை. எங்கள் இருட்டறைக்காரரின் ஃபைலில் ஒரு குறிப்பும் இல்லை. அவருடைய மனுவை வழக்கம் போல நான்தான் இங்கிலீஷில் எழுதினேன். அது திரும்பி வந்தது. இன்னும் ஒரு வருஷம் இருந்தார். பிறகு ஃபரீதாபாத்தில் ஏதோ ஃபாக்டரியில் வேலை கிடைத்தது என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

புதிதாக வந்திருக்கிறவர்கள் நீங்கள். உங்கள் அறையிலும் உங்களுக்குக் கீழே ஒருவர் இருப்பார். ஸ்ட்ரெச்சர் தள்ளுபவராக இருக்கலாம், தரை துடைப்பவராக இருக்கலாம். நோயாளியை உங்களைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான். அவர் ஏதாவது சொன்னால், சரியோ தப்போ, ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அவர் சொன்னது சரியாகிவிட்டால் அதைக் காகிதத்தில் எழுதுங்கள். வாயால் சொல்வது யாருக்கும் உதவாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஃபைலை மூடிய அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில், ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையருகில் இருட்டறைக்காரர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்ன எழுதச் சொன்னார் என்பது எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது.

"சார், அந்தக் கடுதாசியில என் பேரு ஏதாச்சும் வருதுங்களா?"

"இல்ல. உம்ம பத்தி ஒரு வரிகூட எழுதல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு நாளா வூட்ல சோறு எறங்கல சார். மத்தவங்களா இருந்தா என் தலையிலதான் போட்டிருப்பாங்க. நீங்க எழுதாம வுட்டீங்க பாருங்க. நீங்களும் புள்ளைங்களும் நல்லா இருக்கணும்."

பிறகு கடைக்காரரிடம் திரும்பி இரண்டு டீ சொன்னார். என்னைக் காசு கொடுக்க விடவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த டீயை முழுசாகக் குடித்தேன்.